செல்லக்கிளி அக்கா விட்ட வழி

“அந்தத் துரோகியோட மோட்டார்ல பியூஸ் கட்டையைக் கழட்டிக்கிட்டு வாடா! யாருக்கும் தெரியக்கூடாது!” என்றார் அன்புச்செல்வன் அண்ணன்.

மைக்கில்தான் சொன்னார். கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஸ்ரீரங்கம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர்தான் எங்கள் ஊர் மணல் பாதுகாப்புக் குழுத் தலைவர். நான் கிளமென்ட். பத்தாவதோடு ஸ்கூலை விட்டவன். கூட்டத்தில் பேச என்னை விடமாட்டார்கள். இந்த மாதிரி வேலைக்கு மட்டும் முதல் ஆள் நான்.

துரோகி என்றது செல்லக்கிளி அக்காவை.

போன வருஷம் மேற்கே பக்கத்து ஊரில் மணல் அள்ளினார்கள். இப்போது அங்கே போர் எல்லாம் வற்றிவிட்டது. குளிக்கக்கூட டேங்கர் வர வேண்டும். அடுத்தது நாங்கள்தான். அதனால் லாரி ஆற்றுக்குள் இறங்கக் கூடாதென்று, ஊரே வாய்க்கால் கரை ரோட்டை மறித்து உட்கார்ந்திருந்தது.

இந்த அக்கா என்னடா என்றால், “என் வயல் வழியா போய்க்கோங்க” என்று சொல்லிவிட்டது. சொந்தப் பட்டா நிலம். நாங்கள் போய் மறிக்கவும் முடியாது. காலையில் மூன்று டிப்பர் எங்களுக்கு டாட்டா காட்டிவிட்டு அந்த வழியாக இறங்கிப் போய்விட்டன.

“ஆபீசர்லாம் கிளம்பியாச்சாம்,” என்றார் சௌரிராஜன் சார். ஸ்ரீரங்கத்துக்காரர், ரிட்டயர்டு வாத்தியார், எங்கள் ஊரில் அவருக்கு நிலம் இருக்கிறது. மனு எழுதுவது எல்லாம் அவர்தான். “ஸ்ரீரங்கம் வந்துட்டாளாம். பெருமாளைச் சேவிச்சுட்டு நேரே இங்கதான்.”

“அவங்க சேவிச்சுட்டு வர்றதுக்குள்ள லாரி லால்குடியைத் தாண்டிடும் சார்,” என்றேன்.

ஒவ்வொரு தடவையும் அதுதான் நடக்கும். ஆபீசர் வருவார். ‘லாரி ஏதும் காணப்படவில்லை’ என்று எழுதுவார். மோர் குடித்துவிட்டுப் போவார்.

“நீ பேசாத, போ! ஊரே வெயில்ல காயுது, அவ சொகுசா மோட்டார் போட்டுத் தண்ணி பாய்ச்சறா!” என்றார் அண்ணன். மறுபடியும் மைக்கில்.

போனேன்.

மோட்டார் கொட்டகை வாசலில் அக்கா மண்வெட்டியோடு நின்றது. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தது. முழங்கால் வரைக்கும் சேறு.

“வாடா கிளமென்ட்டு. பியூஸ் கட்டைக்குத்தானே?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“உங்க மைக்கு எந்தப் பக்கம் பாத்துக் கட்டியிருக்குன்னு நெனச்ச?”

எனக்கு மனசில் வைத்துக்கொண்டு பேசத் தெரியாது. “நீ பண்ணினது அசிங்கம்க்கா. எங்கம்மா உன்கிட்ட பால் வாங்கறதையே நிறுத்திடுச்சு.”

“தெரியும். இப்ப நானும் கன்னுக்குட்டியும்தான் குடிக்கிறோம்.”

“சிரிக்காத. வழி விட்டியா இல்லையா?”

“கேட்டாங்க, விட்டேன்.”

“வெக்கமா இல்ல?”

“அதுக்கெல்லாம் நேரமில்லடா. தள்ளு, அந்தப் பக்க மடையைத் திறக்கணும்.”

வயலுக்குள் இறங்கிப் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில், பியூஸை என்ன, மோட்டாரையே கழட்டியிருப்பேன். கொட்டகைக்குள் போய்ப் பெட்டியில் கையை வைத்தேன். ஜன்னல் வழியாக வயல் தெரிந்தது.

அறுப்பு முடிந்து வெறும் தாள் நிற்கிற வயல். ஒரு பயிர் கிடையாது. காலையில் லாரி போனபோது புழுதி பறந்தது. இப்போது குளமாகக் கிடந்தது.

“ஏன்க்கா, பயிரே இல்லாத வயலுக்கு எதுக்குத் தண்ணி?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஆற்றுப் பக்கம் பார்த்தது.

முதல் டிப்பர் மணலை ஏற்றிக்கொண்டு கரை ஏறியது. ஹாரன் அடித்துக்கொண்டே வயலில் இறங்கியது. பாதி வயல் வந்தது. அப்புறம், எருமை குட்டையில் உட்காருகிற மாதிரி, நிதானமாக உட்கார்ந்தது. டிரைவர் மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போனது. பின்னால் வந்த இரண்டும் கரையிலேயே நின்றுவிட்டன. வெளியே வர இருப்பது இன்னொரு வழிதான். அதில் எங்கள் ஊர் உட்கார்ந்திருக்கிறது.

“உள்ள போகத்தான் வழி கேட்டாங்க,” என்றது அக்கா. “வெளிய வர்றதைப் பத்தி அவங்களும் கேக்கல, நானும் சொல்லல.”

பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

“இதைக் குழுவுல முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? இத்தனை ஏச்சு வாங்கியிருக்க வேணாமே!”

“யாருகிட்டடா சொல்றது? அந்த மைக்குகிட்டயா?”

டிரைவர் கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டினான். “டேய் தம்பி! புண்ணியமாப் போவும், அந்த மோட்டாரை நிறுத்துடா! வண்டி எறங்கிக்கிட்டே இருக்கு!”

அதே நேரத்தில் என் போன் அடித்தது. அன்புச்செல்வன் அண்ணன்.

“இன்னும் என்னடா பண்ற? மோட்டார் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. நிறுத்துடா அதை!”

மணல்காரர்களும் எங்கள் குழுவும் இதுவரைக்கும் ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போனதில்லை. இன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே வேலையைச் சொன்னார்கள்.

“அண்ணே, ஆபீசருங்களை அவசரப்பட வேணாம்னு சொல்லுங்க. நிதானமா சேவிச்சுட்டு, பிரசாதமும் வாங்கிட்டே வரட்டும்,” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

கொட்டகைக் கதவைச் சாத்தினேன். அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன்.

உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.