பழம் மட்டும்

என் மனைவி சூடாமணி போய்ப் பதினோரு வருஷமாகிறது. சாலைக் கடைத்தெருவின் அந்தச் சாயங்காலம் மட்டும் கலையாமல் நிற்கிறது. பெட்ரோமாக்ஸ் விளக்குகளை அப்போதுதான் ஏற்றுகிறார்கள். கொப்பரையும் கருப்பட்டியும் மணக்க, வில்வண்டிகள் மணியடித்து ஊர்கின்றன. பப்புவின் கடைச் சட்டியில், மாவில் தோய்த்த ஏத்தம்பழ அப்பங்கள் பொன்னிறமாக மிதக்கின்றன. கல்யாணமான நாளிலிருந்து அவள் இந்த வாசனையைத் தாண்டித்தான் கோயிலிலிருந்து கரமனைக்கு நடக்கிறாள். வெளியே சமைத்ததை எங்கள் அக்ரஹாரத்துப் பெண்கள் தொடுவதில்லை. இன்று நான் ஒன்று வாங்கிவிட்டேன். இலைத்துண்டில் அது ஆவி விடுகிறது. அவள் சற்று யோசிக்கிறாள்.

“பழத்துக்குத் தோஷமில்லை. மாவுதான் ஆகாது” என்று தீர்ப்புச் சொல்லி, விரல் சுடச்சுட மாவை உரித்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பழத்தைத் தின்கிறாள். “அம்மா கேட்டா என்ன சொல்லுவே?” என்கிறேன். “பழம் சாப்பிட்டேன்னு சொல்லுவேன். பொய்யில்லையே.” பிறகு, மொறுமொறுவென்று என் கையில் கிடக்கும் மாவையே பார்க்கிறாள். “நீங்கோ சித்த அந்தப் பக்கம் திரும்புங்கோ.”

நான் கோட்டை வாசலைப் பார்த்தபடி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். திரும்பும்போது உள்ளங்கையில் எண்ணெய் மட்டும் வெதுவெதுப்பாக மின்னுகிறது.