இருபது விநாடி

“இந்த ஃபங்ஷனை எழுதின மகானுபாவன் யாரு?”

விநாடி அக்கா கேட்டதும் அறையில் கீபோர்டு சத்தம் மொத்தமும் நின்றது.

அக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. புரோகிராமில் ஒரு வேலை தொடங்கும்போது மணி பார்த்து, முடியும்போது மணி பார்த்து, கழித்துப் போட்டு, “இவ்வளவு நேரத்தைத் தின்னுது, குறை” என்று எழுதினவன் கழுத்தைப் பிடிப்பதுதான் அவள் உத்தியோகம். டீ வரத் தாமதமானாலும் அளப்பாள்.

மறுநாள் காலை பள்ளி இறுதித் தேர்வு ரிசல்ட். அதை வெளியிடும் வெப்சைட் இவர்கள் பொறுப்பு. போன வருஷம் அது படுத்துக்கொண்டதில் ஊரே காறித் துப்பியது. “இந்த வருஷமும் மெதுவா வந்துதுன்னா உன் சீட்டுல வேற ஆள்” என்று டைரக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அக்கா வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

அதனால் ஒரே பிடியாக நின்றாள். புரோகிராமின் துண்டுகளை, ஒவ்வொரு ஃபங்ஷனாக எடுத்து ஆயிரம் தடவை ஓட விட்டு, அளந்து, திட்டி, திருத்தி, எல்லாவற்றையும் கண் சிமிட்டும் நேரத்துக்குள் கொண்டுவந்துவிட்டாள். மிச்சம் இது ஒன்றுதான்.

சராசரியை மட்டும் பார்த்தபோது பிடிபடவில்லை. பிரித்துப் போட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பாஸானவர்களுக்கு ரிசல்ட் உடனே வருகிறது. ஃபெயிலானவர்களுக்கு மட்டும் இருபது விநாடி திரையில் சக்கரம் சுற்றுகிறது.

மூலையிலிருந்து ஒரு கை மெதுவாக எழுந்தது. மௌனச்சாமி. அந்த ஆபீசில் அவன் குரலைக் கேட்டவர்கள் கம்மி.

“நான்தான்க்கா.”

“ஏம்பா, ஃபெயிலான பிள்ளைன்னா உனக்கு அவ்வளவு இளக்காரமா? ஏற்கெனவே நகத்தைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். அதைப் போய் இன்னும் தவிக்க விடறியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?”

“அது தப்பா நடக்கலைக்கா. வேணும்னுதான் வெச்சிருக்கேன்.”

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. “வேணும்னா?”

“அந்த நேரத்துல அவங்க வீட்டு நம்பருக்கு ஒரு மெசேஜ் போகும்க்கா. ‘உங்க பிள்ளை ரிசல்ட் பாக்குது. பக்கத்துல போய் உக்காருங்க. இன்னிக்கு ஒண்ணும் கேக்காதீங்க’ன்னு.”

அவனே தொடர்ந்தான்.

“நானும் கணக்குல ஃபெயிலானவன்தான்க்கா. அம்மா வீட்டுக்குப் பின்னாடி துணி காயப் போட்டுக்கிட்டிருந்தாங்க. திரையில ரிசல்ட் வந்தப்ப பக்கத்துல ஈ காக்கா இல்லை. அன்னிக்கு நான் என்னென்ன யோசிச்சேன்னு மட்டும் கேக்காதீங்க.”

அக்கா அதைக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்கத் தெரிந்தது வேறு.

“இருபதுன்னு எப்படி வெச்சே? குத்துமதிப்பாவா?”

“சேச்சே. எங்க வீட்டுல அளந்தேன். வீட்டுக்காரி துணி காயப் போடும்போது மெசேஜ் அனுப்பிட்டு, அவ படிச்சுட்டு ரூமுக்கு வர எவ்வளவு ஆகுதுன்னு பாத்தேன். மூணு தடவை.”

“மூணே தடவையா? அதை வெச்சு ஒரு முடிவுக்கு வரலாமா?”

“மூணாவது தடவை துடைப்பத்தோட வந்தா, அக்கா. அதோட நிறுத்திட்டேன்.”

அறையே கொல்லென்று சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

“சரி, நீ எழுந்து போய் டீ குடி. இதை நான் பாத்துக்கறேன்.”

“தூக்கிடாதீங்கக்கா.”

“அளக்கறவ நான். எனக்குச் சொல்லித் தராதே.”

அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். அக்கா அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். பாஸ் ஒன்று, ஃபெயில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஓட விட்டாள். அப்புறம் எது வரப்போகிறது என்று தனக்கே தெரியாதபடி கலைத்துப் போட்டு ஓட விட்டாள். அவள் முகம் மாறிப் போனது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

மறுநாள் ரிசல்ட் வெளியான கொஞ்ச நேரத்திலேயே டைரக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“என்னம்மா கூத்து இது? பாஸானவன், முதல் மார்க் வாங்கினவன், அத்தனை பேரும் அந்தச் சக்கரம் சுத்தறதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். போன் மேல போன். ஆமை வேகம்னு கிழிச்சுத் தொங்க விடறாங்க. யார் கைவேலை இது?”

மௌனச்சாமி எழுந்தான். அக்கா அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

“நான்தான் சார். தப்பா நடக்கலை. வேணும்னுதான் வெச்சிருக்கேன்.”

டைரக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “சாயந்திரம் என் ரூமுக்கு வா.”

கதவு அறைந்து மூடிக்கொண்டது. மௌனச்சாமி அக்கா பக்கம் திரும்பினான்.

“என்னக்கா இது? ஃபெயிலானவங்களுக்கு மட்டும் இருந்தா போதாதா? பாஸானவங்களையும் எதுக்குக் காக்க வெச்சீங்க? உங்க வேலைக்கு நீங்களே உலை வெச்சுக்கிட்டீங்களே.”

அக்கா சாவகாசமாக டீயை எடுத்தாள்.

“பாஸானா உடனே வருது, ஃபெயிலானா இழுக்குதுன்னு பசங்க அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சு ஊர் பூரா பரப்பிடுவாங்கப்பா. அப்புறம் சக்கரம் சுத்த ஆரம்பிச்சதுமே அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சுடும், அம்மா இன்னும் துணி காயப் போட்டுக்கிட்டிருக்கும்போதே.”