ஹோலிஸின் நாற்காலி

கீழே கோரா வீட்டு வாசலில் கிடந்த தன் நாற்காலியில் வேறொருத்தன் காலை நீட்டி உட்கார்ந்திருப்பதை ஹோலிஸ் மேட்டின் மேலிருந்து பார்த்தான். குதிரையை இழுத்து நிறுத்தினான்.

பக்கத்துக் குதிரையில் இருந்த ரூஃபஸ் சிரித்தான். பண்ணையில் கூடவே மாடு மேய்க்கிற கூட்டாளி. வாயைக் கொஞ்ச நேரம் சும்மா வைத்திருக்கத் தெரியாதவன்.

"என்னடா, உன் கோரா வீட்டு வாசல்ல சாம்பல் குதிரை கட்டியிருக்கு? நேத்தும் நின்னுச்சு, முந்தாநாளும் நின்னுச்சு. நீ மாட்டுக்குப் பின்னாடியே ஓடிக்கிட்டிரு ராசா!"

"வாயை மூடுறியா, இல்ல பல்லைக் கழட்டவா?"

"எங்கிட்ட ஏன்டா வீராப்பு? அங்க போய்க் காட்டு."

அந்த நாற்காலியின் ஒடிந்த காலுக்குப் புதுக் கட்டை வைத்து நிறுத்தியவன் ஹோலிஸ். கூரையில் பனி உருகி ஒழுகிய இடத்தை அடைத்தவனும் அவன்தான். சனிக்கிழமை ஊருக்குப் போகும்போதெல்லாம் கோரா மேசையில் ஒரு தட்டை மூடி வைத்துவிட்டுப் போவாள். அவரையும் பன்றிக்கறியும் இருக்கும், நல்ல நாளாயிருந்தால் ஆப்பிள் பணியாரமும் இருக்கும். அவன் வந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து, வாரத்துக்கு வேண்டிய விறகை வெட்டி அடுக்கிவிட்டு, அவள் திரும்புவதற்குள் கிளம்பிவிடுவான். இரண்டு குளிர்காலம் இப்படித்தான் ஓடியது.

தட்டுக்கு அடியில் அவள் கைப்பட எழுதி வைத்திருந்த சீட்டு இப்போதும் அவன் சட்டைப் பையில் இருந்தது. 'நீங்கள் எப்போது வந்தாலும் உங்களுக்கு இங்கே சாப்பாடு உண்டு.' எடுத்து எடுத்துப் படித்ததில் மடிப்பெல்லாம் கிழிந்துபோயிருந்தது. இப்படி எழுதியவளா இன்னொருத்தனுக்குப் பரிமாறுகிறாள்!

அவன் முகம் போன போக்கைப் பார்த்து ரூஃபஸுக்கே பயம் வந்துவிட்டது.

"விடுடா, யாராவது வழிப்போக்கனா இருப்பான்."

வயோமிங்கின் அந்த மேய்ச்சல் வெளியில் எந்த வீட்டுக்கும் பூட்டு கிடையாது. பசியோடு வருகிறவன் தாராளமாக உள்ளே போய்ச் சாப்பிடலாம். ஆனால் தட்டைக் கழுவாமல், விறகு வெட்டிப் போடாமல் கிளம்பினால் அவனை யாரும் மனுஷனாக மதிக்கமாட்டார்கள்.

"வழிப்போக்கனா? மூணு நாளா தின்னவன் அந்தக் கோடாலியத் தொட்டானாடா? பாரு, தின்ன தட்டை அவ கையில நீட்டுறான்! அவளும் வாங்கிக்கிட்டுச் சிரிக்கிறா!"

கோரா சிரித்ததோடு விடவில்லை. போகிற போக்கில் அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவ்வளவுதான். ஹோலிஸ் குதிரையைத் தட்டிவிட்டான். "டேய், வேணாம்டா!" என்று பின்னால் ரூஃபஸ் கத்தியது அவன் காதில் விழவே இல்லை.

குளம்புச் சத்தம் கேட்டு அந்த ஆள் எழுந்து நின்றான். அவனுடைய துப்பாக்கி வாரோடு சுவர் ஆணியில் தொங்கியது. இடுப்பில் ஒன்றுமில்லை.

"வாங்க தம்பி, இறங்குங்க. ரொம்பத் தூரத்துலேருந்து வர்றீங்க போல. கோரா! இன்னொரு தட்டு எடுத்து வை!"

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! ஹோலிஸ் அடைத்த கூரைக்குக் கீழே நின்றுகொண்டு ஹோலிஸையே விருந்தாளியாக உபசரிக்கிறான்!

"அது யார் நாற்காலி தெரியுமாடா?"

"நாற்காலியா?" அந்த ஆள் திரும்பிப் பார்த்துவிட்டு அதை இவன் பக்கம் நகர்த்தினான். "உட்காரணும்னா உட்காருங்க, அதுக்கென்ன?"

"போய் உன் துப்பாக்கியை எடு."

"எதுக்குத் தம்பி? நமக்குள்ள என்ன சண்டை?"

"எடுடா!"

அவன் எடுக்கவில்லை. வாசற்படிக்கு நகர்ந்து, இரண்டு கையையும் விரித்துக் கதவை மறைத்துக்கொண்டு நின்றான். "கோரா, வெளிய வராத!" என்றான்.

கோராவை என்னிடமிருந்தே மறைக்கிறானா! ஹோலிஸுக்கு மிச்சமிருந்த நிதானமும் போயிற்று. மூன்று முறை சுட்டான். முதல் குண்டிலேயே அந்த ஆள் செத்துப்போனான். மற்ற இரண்டும் பொறாமைக்காகச் சுட்டது.

அப்படியொரு நிம்மதி ஹோலிஸுக்கு. குதிரையை விட்டு இறங்கித் தொப்பியைக் கழற்றினான், விரலால் தலையை வாரிக்கொண்டான், சட்டையில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டிவிட்டான்.

கோரா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். செத்தவன் தலையைத் தூக்கி மடியில் வைத்து, கன்னத்தை மாற்றி மாற்றித் தட்டினாள். கையெல்லாம் ரத்தம்.

"இப்பத்தானே வந்தீங்க... ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தானே வந்தீங்க..."

ஹோலிஸ் பொறுத்துப் பார்த்தான், முடியவில்லை. செத்தும் அவள் மடியை விடமாட்டேன் என்கிறானே! பக்கத்தில் போய் அவள் தோளில் கை வைத்தான்.

"அழாத கோரா. அவன் தொல்லை ஒழிஞ்சுது. இனிமே நீயும் நானும்தான்."

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். நிமிர்ந்து அவன் முகத்தை வெறித்துப் பார்த்தாள்.

"எம் புருஷனைக் கொன்னுட்டியே பாவி... யாருய்யா நீ?"