அம்மா அவதான்

மருத்துவர் குழந்தையின் வலிப்பு மருந்தைப் பற்றித் தையல்காரியிடம் விளக்கிக்கொண்டிருக்கிறார். குழந்தையோ பக்கத்து முக்காலியில் தாயின் மடியில் உட்கார்ந்து அவள் சட்டைப் பொத்தானைச் சப்புகிறது. தாய்க்கு எதுவும் மெதுவாகத்தான் பிடிபடும்; பிறந்ததிலிருந்தே அப்படி. தையல்காரி அவளுடைய கீழ்வீட்டுக்காரி. “அளவு தப்பக் கூடாது. நீங்கதான் பாத்துக்கணும்” என்கிறார் மருத்துவர். “நான் துணைக்கு வந்தவ டாக்டர். அம்மா அவதான், அவகிட்ட சொல்லுங்க.” “அவங்களுக்குப் புரியணுமே. பேசாம குழந்தைய ஏதாவது இல்லத்துல சேத்துட்டா…” தையல்காரி எழுந்துவிடுகிறாள். கழுத்தில் அளவு நாடா ஆட, வெளியே போய் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறாள். வேறு வழியில்லாமல் மருத்துவர் தாயின் பக்கம் திரும்பி, வேகமாகச் சொல்லி முடிக்கிறார். அவள் மருந்து அளக்கும் குழலை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்தி, அளவுக் கோட்டின் மேல் நகத்தை வைக்கிறாள். “காலையில இதுவரைக்கும். அப்புறம்…” நின்றுபோகிறாள். வெளியே வரிசை முணுமுணுக்கிறது. “உள்ள என்ன குடித்தனமா நடத்துறாங்க?” என்கிறது ஒரு குரல். “அவ கேட்டு முடிச்சிட்டுதான் வருவா. கால் வலிச்சா உக்காருங்க” என்கிறாள் தையல்காரி, நகராமல். மருத்துவரின் கை அடுத்தவரை அழைக்க மணியை நோக்கிப் போகிறது. தாய் குழந்தையை இடுப்போடு இறுக்கிக்கொண்டு மணியின் மேல் தன் உள்ளங்கையை வைக்கிறாள். “எனக்கு இன்னும் புரியல. மெதுவா, முதல்லேருந்து சொல்லுங்க. புரியுற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்.”