மஞ்சள் அட்டை

கழுத்தில் டை, கையில் குறிப்பேடு, கக்கத்தில் காரோடு கொடுக்கும் கையேடு. கண்ணாடி அறைக்குள்ளிருந்து அந்த ஆளைப் பார்த்ததுமே சர்வீஸ் மேனேஜர் கிளெய்டன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். வந்துவிட்டான்!

காலை எட்டரைக்குக் கிளெய்டன் உள்ளே நுழைந்து கோட்டிலிருந்த பனியைத் தட்டும்போதே, முன்மேசையில் இருக்கும் மார்லிஸ் ஓடிவந்து சொல்லியிருந்தாள்.

“சார், ஏழரைக்கு நம்ம கடை நம்பருக்கு ஒரு போன் வந்துச்சு. பேரைச் சொல்ல மாட்டேன்னுட்டார். கார் கம்பெனிலேருந்து இன்னிக்கு ஒருத்தர் வர்றாராம், கஸ்டமர் மாதிரி. நாம மஞ்சள் அட்டையைக் காட்டி ஆளுங்களை ஏமாத்துறோமான்னு பாக்கத்தானாம்.”

ஏழாயிரத்து ஐந்நூறு மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்கிறது கார் செய்த கம்பெனியின் கையேடு. கிளெய்டன் அச்சடித்து மார்க்வெட் ஊர் முழுக்கத் தபாலில் அனுப்பும் மஞ்சள் அட்டையோ, மூவாயிரம் மைலுக்கே வா என்கிறது. வந்தால் ஆயிலோடு விடாது. கியர் ஆயில், பிரேக் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர் என்று காருக்குள் ஓடுகிற அத்தனையையும் மாற்றச் சொல்லும்.

போன மாதம்தான் மார்லிஸ், “பொய் சொல்லிச் சொல்லி நாக்கு கூசுது சார்” என்றாள்.

“உனக்குச் சம்பளம் குடுக்குறது கையேடா, நானா?” என்று அவள் வாயை அடைத்திருந்தார் கிளெய்டன்.

இப்போது அகப்பட்டால் வாசலில் தொங்கும் கம்பெனிப் பலகையையே கழற்றிவிடுவார்கள். முதலாளி ஃப்ளோரிடா வெயிலில் சுகமாகப் படுத்திருக்கிறார். அவர் காதுக்குப் போனால் முதலில் உருளுவது தன் தலைதான் என்று, கிளெய்டன் காலையிலிருந்து போனைத் தொடவேயில்லை.

வலிய வரவழைத்த சிரிப்போடு அவர் வெளியே வந்தார். கூடத்தில் ஏழெட்டுப் பேர் காபியோடு காத்திருந்தார்கள். ராத்திரி அடித்த பனிப்புயலில் கார்டு மெஷின் வேறு படுத்துவிட்டதால், மார்லிஸ் ஒவ்வொரு கார்டு நம்பரையும் கையால் எழுதிக்கொண்டிருந்தாள்.

டைக்காரர் மஞ்சள் அட்டையை மேசைமேல் வைத்தார்.

“இதுல பதினோரு வேலை போட்டிருக்கு. புத்தகத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. நான் எதைக் கேக்கணும்?”

மார்லிஸ் மேனேஜரைப் பார்த்தாள்.

“புத்தகத்தைத்தான் சார்” என்றார் கிளெய்டன்.

“இதையெல்லாம் செய்யலைன்னா வாரண்டி போயிரும்னு அட்டையில போட்டிருக்கே?”

“வாரண்டி எங்கயும் போகாது சார். அது... அச்சடிச்சவன் பண்ணின தப்பு.”

“பதினோரு வேலையும் அவனே சேர்த்துட்டானா?” டைக்காரர் குறிப்பேட்டில் என்னவோ எழுதினார். “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க தம்பி. எனக்குக் காது மந்தம்.”

படுபாவி, சாட்சிக்கு ஆள் சேர்க்கிறான்!

“அட்டையைத் தூக்கிப் போடுங்க சார்! கம்பெனி புத்தகம் போதும்! மத்ததெல்லாம் வேண்டாத வேலை!” கிளெய்டன் கத்தியேவிட்டார்.

கூடத்தில் காபி உறிஞ்சும் சத்தம் நின்றது. கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண் தன் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினாள்.

“அப்ப என் காருக்கு?”

“உங்களுக்கும் அதேதாம்மா.”

அவ்வளவுதான். ஏழெட்டு மஞ்சள் அட்டைகளும் வரிசையாக மேசைக்கு வந்து சேர்ந்தன. டைக்காரர் கிளெய்டனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இவ்வளவு நாணயமான கடையை நான் பாத்ததே இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். கிளெய்டன் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

“தப்பிச்சோம் மார்லிஸ். அந்த போன் மட்டும் வரலைன்னா இன்னிக்குக் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்.”

“நல்லா இருக்கட்டும் சார்” என்றாள் மார்லிஸ். மிச்சமிருந்த மஞ்சள் அட்டைக் கட்டைத் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு, மீசையெல்லாம் பனியாக ஒருவன் உள்ளே வந்தான். இடுப்பில் கம்பிச் சுருளும் குறடும் தொங்கின.

“நேத்து ராத்திரி அறுந்த உங்க போன் லைனுக்கு இப்பதான் சார் உயிர் வந்துச்சு!”