பதினேழாவது பேட்டி

யார் வாயிலிருந்தும் ஷெர்லின் கேட்காத ஒரு வரியை, வெளித்தேர்வாளர் மேடம் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளையைப் பார்த்துப் பார்த்து, இப்போது என் வீட்டுச் சுவர்கூட எனக்கு உப்பாகத் தெரிகிறது."

பதினேழாவது பேட்டியில் மாரியம்மாள் சொன்னதாக இருந்த அந்த வரியை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

அறையில் நாற்பது பேர்.

முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு. உப்பளப் பெண்கள் இருபது பேரின் பேட்டிகள்தான் ஆய்வு.

அவள் பார்த்தது பன்னிரண்டு பேரை.

பிறகு மழை வந்துவிட்டது. அளத்தில் ஆள் இல்லை. இருபதில் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று நெறியாளர் சொல்லியிருந்தார். மீதி எட்டுப் பேரை ஏஐ கொடுத்தது. பெயர், வயது, கணவன், பிள்ளைகள், கண் எரிச்சல். நாலு நிமிடம்.

ஆய்வேட்டின் மூன்றாம் பக்கத்தில் உறுதிமொழி இருந்தது. செயற்கை நுண்ணறிவு, எழுத்துப்பிழை திருத்த மட்டும். கீழே அவள் கையெழுத்து.

நிஜமான பன்னிரண்டு பேரும் பாதிக் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. சிரித்தார்கள். "அத எதுக்குக் கேக்க?" என்றார்கள். அந்தப் பக்கங்களை மேடம் வேகமாகப் புரட்டியிருந்தார்.

"இந்த மாரியம்மாளப் பாத்துட்டுத்தான் நான் ஊருக்குக் கிளம்புவேன். அவங்க வேலை பாக்குற மேட்டு அளம் எவ்வளவு தூரம்?"

"பக்கந்தான் மேடம். ஷெர்லின், கூட்டிட்டுப் போயிரும்மா" என்றார் நெறியாளர்.

"அவங்க இறந்துட்டாங்க சார்."

சொன்னது அவள்தான். உள்ளே எதுவும் அசையவில்லை.

மேடம் எழுந்தார். "எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நிப்போம்."

நாற்பது நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன.

பட்டம் கிடைத்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. தரையைப் பார்த்தபடி அறுபது வரை எண்ணினாள்.

பிறகு கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பாதுஷாவும் மிக்சரும் தட்டுத் தட்டாக வந்தன.

கடைசி வரிசையிலிருந்து பேச்சித்தாய் எழுந்து வந்தாள். பன்னிரண்டு பேரில் ஒருத்தி. முப்பது வருடமாக மேட்டு அளத்தில் உப்பு வாருகிறவள். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று ஷெர்லின்தான் அழைத்திருந்தாள்.

கண் சிவந்திருந்தது. அது எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

"எந்த மாரியம்மா, தாயி? எங்க அளத்துல எனக்குத் தெரியாம ஒரு சாவா?"

ஷெர்லின் தோளிலிருந்த பொன்னாடையைச் சரிசெய்தாள்.

"யாரும் ஒரு வார்த்த சொல்லலியே. ஒரு எட்டு போயி எட்டிப் பாக்காம இருந்துட்டனே, பாவி. ரெண்டும் பொட்டப் புள்ளைகன்னு அந்தம்மா வாசிச்சாகளே. வீடு எங்கன இருக்குன்னு சொல்லு. இப்பமே போயி அதுக மொகத்தப் பாத்துட்டு வந்துருதேன்."

நீட்டிய தட்டை வேண்டாமென்று தள்ளிவிட்டு, முந்தியை இழுத்து இடுப்பில் செருகினாள். தெருப் பெயர் வரட்டும் என்று ஷெர்லினின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.