நோரீனின் கைப்பை

"வான்கோழியை உள்ளேயே வெட்டிக் கொண்டாரேன். நீ போய் உட்காரு," என்றாள் நோரீன்.

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. முழுசாக மேஜைக்குக் கொண்டுவந்து, எல்லோர் கண்ணெதிரே வெட்டிப் பரிமாறுவதுதான் விருந்து வைக்கிறவளுக்குப் பெருமை. அதைப் பிடுங்கிக்கொள்ள இவள் யார்?

"மேஜையிலதான்டி வெட்டணும்."

"விரிப்பெல்லாம் எண்ணெயாயிடும். சொன்னாக் கேளு."

தள்ளாத குறையாக அவளை வெளியே அனுப்பிவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள் நோரீன்.

தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை நண்பர்கள் எல்லாரும் கூடிச் சாப்பிடுவார்கள். இத்தனை வருஷமும் நோரீன் வீட்டில்தான். இந்தத் தடவை வெர்னா வீம்பாகத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். விவாகரத்துக்குப் பிறகு அவள் வைக்கும் முதல் விருந்து. 'உனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது' என்று சொல்லிவிட்டுப் போன மனுஷனுக்கு, நாலு பேர் வாயால் பதில் போய்ச் சேர வேண்டும்.

இது நோரீனுக்குப் பொறுக்கவில்லை, வேறென்ன? வந்ததிலிருந்தே ஓவனைத் திறப்பதும் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"என்ன வெர்னா, உன் கோழி பறந்து போயிடுச்சா?" மேஜையிலிருந்து கிளைட் குரல் கொடுத்தான். யார் சமையல் சொதப்பினாலும் வருஷம் பூராவும் மானத்தை வாங்குகிறவன். ஆப்பிள் கேக்கைக் கருகவிட்ட லொரெய்னை இன்னமும் 'கரிக்கடை' என்றுதான் கூப்பிடுகிறான்.

"இதோ வருது," என்று எழுந்துபோன வெர்னா, கதவை மெல்லத் திறந்தாள்.

நோரீன் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். அலுமினியத் தாளில் சுற்றிய எதையோ தன் கைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

அடிப்பாவி. வெர்னா சத்தமில்லாமல் திரும்பி வந்தாள்.

வெட்டின கறி தட்டு நிறைய வந்தது. எல்லாரும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். கிளைடே ரெண்டு தடவை கேட்டு வாங்கினான்.

"எங்க வீட்டுல ஒரு நாளும் இப்படி அமைஞ்சதில்ல. வெர்னா கை அப்படி," என்றாள் நோரீன்.

நடிப்பைப் பார். வெர்னாவுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

வெளியே பனி கொட்டத் தொடங்கியதும் எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நோரீன் கைப்பையை எடுத்தாள். வெர்னா வாசலை மறித்து நின்றாள்.

"பையைத் திற."

நோரீனின் முகம் வெளுத்துப்போனது. "வேண்டாம்டி. நாளைக்குத் தனியா பேசிக்கலாம்."

"என் வீட்டுல திருடிட்டு என்ன தனியா? எல்லார் முன்னாடியும் திற."

நோரீன் கிளைடைப் பார்த்தாள். வெர்னாவைப் பார்த்தாள். பிறகு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"மாட்டிக்கிட்டேன். என் நாய்க்குக் கொஞ்சம் கறி எடுத்தேன். கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

"கேட்டா குடுக்க மாட்டாளா?" கிளைட் விழுந்து விழுந்து சிரித்தான். "லொரெய்ன், நீ தப்பிச்ச. இனிமே இவதான் நமக்குக் கறிக்கள்ளி."

எல்லாரும் சிரித்தார்கள். நோரீனும் சேர்ந்து சிரித்தாள்.

வெர்னா சுவர்ப்பக்கம் திரும்பிப் பொட்டலத்தின் ஓரத்தைப் பிரித்தாள். உள்ளே கறி இல்லை. வெந்து நைந்துபோன ஒரு காகித உறை. கழுத்தையும் ஈரலையும் போட்டு, வான்கோழியின் வயிற்றுக்குள் வைத்து விற்பார்களே, அந்த உறை. ஓவனில் வைப்பதற்கு முன்னால் அதை வெளியே எடுத்துவிட வேண்டும். வெர்னா எடுக்கவில்லை. உறையோடு வேகவைத்திருந்தாள்.

பிரித்த ஓரத்தை அவசரமாக மடித்து மூடினாள்.

"குடுடி, நாய் பசியோட காத்துக்கிட்டிருக்கும்," என்று நோரீன் கை நீட்டினாள்.

போன கோடையில் நோரீன் யாரிடமும் சொல்லாமல் அழுதுகொண்டே அந்த நாயைப் புதைத்தபோது, கூட நின்ற ஒரே ஆள் வெர்னாதான்.